விடை 3, ஆனால் எந்த ஆதாரத்தில்?

341 பகா எண் அல்ல. 11-ஐயும் 31-ஐயும் பெருக்கினால் வருவது. ஆனாலும் 2-இன் 340-ஆவது அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 1. 2-ஐத் தவிர மற்றப் பகா எண்கள் எல்லாம் ஃபெர்மாவின் இந்தச் சோதனையில் தேறும். தேறியவை எல்லாம் பகா எண்கள் ஆகிவிடுவதில்லை. 561 போன்ற கார்மைக்கேல் எண்களோ, தம்மோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தைக் கொடுத்தாலும் தேறிவிடும். இவை முடிவிலியாக உள்ளன என்று 1994-இல் நிரூபித்தும் விட்டார்கள். எண் கோட்பாட்டுக் கணக்கைக் கணினியில் போடுகிறவர்களுக்கு இந்த ஏமாற்று வித்தை பழகிப்போனது. இன்று அவர்களுடைய மென்பொருள்களை ஏஐ ஏஜென்ட்டுகளும் இயக்குகின்றன: கேள்வியை வாங்கி, கட்டளையைத் தாமே எழுதி, வந்த விடையை வைத்து அடுத்த படிக்குப் போய்விடுகின்றன. இவற்றுக்கென ஒரு பயன்பாட்டுக் குறிப்பு எழுதினால் அதில் முதலில் வர வேண்டியது எது? கட்டளையின் இலக்கணத்துக்கும் முன்னால், விடை எந்த அளவுக்கு உறுதியானது என்பது வர வேண்டும் என்பேன்.

பிரான்சின் போர்தோவில் ஆன்ரி கோஹனும் சகாக்களும் 1980களில் தொடங்கிய பாரி/ஜிபி என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் ‘இஸ்பிரைம்’ என்று கேட்டால் நிரூபணத்தின் பேரில் பதில் வரும். ‘இஸ்சூடோபிரைம்’ என்று கேட்டால் பெய்லி, பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் நால்வரின் பெயரால் வழங்கும் விரைவுச் சோதனை நடக்கும். 2-இன் 64-ஆவது அடுக்குக்குக் கீழே அது பொய்க்காது என்று சரிபார்த்தாகிவிட்டது. அதற்கு மேலும் அதை ஏமாற்றிய பகு எண் எதுவும் இதுவரை கண்ணில் படவில்லை. ஆனால் அப்படிப்பட்டவை எண்ணற்று இருக்கக்கூடும் என்று காரணம் காட்டியவர், நால்வரில் ஒருவரான பொமரன்ஸேதான். காரணிகளைத் தரும் ‘ஃபாக்டர்’ கட்டளையும், அமைப்பை மாற்றாவிட்டால், பெரிய காரணிகளை நிரூபிக்காமலே பகா எண் என்று கொடுத்துவிடும். இவற்றைவிட நுட்பமானது ‘பிஎன்எஃப்இனிட்’. ஓர் எண் புலத்தில், பகாக் காரணிகளாக ஒரே விதமாகப் பிரிக்கும் பண்பு எவ்வளவு தூரம் குலைந்திருக்கிறது என்பதைக் காட்டுவது வகுப்பெண். -23-இன் வர்க்கமூலத்தைச் சேர்த்து உண்டாக்கும் புலத்துக்கு இந்தக் கட்டளை 3 என்று சொல்லும். 3 சரிதான். ஆனால் இந்தக் கட்டளை பொதுவாகத் தரும் விடை, இன்னும் நிரூபிக்கப்படாத பொதுமைப்படுத்திய ரீமன் கருதுகோளின் மேல் நிற்கிறது. அந்த நிபந்தனையை நீக்க ‘பிஎன்எஃப்சர்டிஃபை’ என்ற இன்னொரு கட்டளையை ஓட்ட வேண்டும். பெரிய புலங்களில் அதற்கு நெடுநேரம் பிடிக்கும்.

கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது, ஒளிவுமறைவு கிடையாது. சிக்கல் திரையில்தான்: நிபந்தனையோடு வந்த 3-க்கும் நிரூபணத்தோடு வந்த 3-க்கும் அங்கே முகம் ஒன்றே. கையேட்டோடு வளர்ந்த கணித அறிஞருக்கு வேறுபாடு மனப்பாடம். ஐயம் வந்தால் பக்கத்து அறையில் கேட்டுக்கொள்வார். ஏஜென்ட் அந்த 3-ஐ எடுத்து அறிக்கையில் எழுதும். அறிக்கையைப் படிக்கும் இன்னொரு ஏஜென்ட் அதைத் தேற்றமாகவே கொள்ளும். இரண்டு கைமாறியதில் ரீமன் கருதுகோள் சுவடில்லாமல் போய்விடும். சத்தமில்லாத பிழைகளும் இதே வகை. பாரி/ஜிபியில் வரையறுக்காத ஒரு மாறியின் பெயரைத் தட்டினால் எச்சரிக்கை வராது. அந்தப் பெயரே இயற்கணித மாறியாகி, எண் வர வேண்டிய இடத்தில் பல்லுறுப்புக்கோவை வந்து நிற்கும்.

ஏஐ மாதிரிகள் பயிற்சியிலேயே கையேட்டைப் படித்திருக்குமே, தனிக் குறிப்பு எதற்கு என்று கேட்கலாம். படித்திருக்கும், கூடவே வேறு பத்து மென்பொருள்களின் கையேடுகளையும் படித்திருக்கும். பாரி/ஜிபியில் பட்டியலின் முதல் உறுப்புக்கு எண் 1, பைத்தானில் 0. அடுக்குக்கு ஜிபி பயன்படுத்தும் ‘^’ என்ற கூரைக் குறியைப் பைத்தானில் போட்டால், 2-இன் 10-ஆவது அடுக்கான 1024-க்குப் பதில் 8 வரும். உள்ளே பாரியையே அழைக்கும் சேஜ் மென்பொருளிடம் எண் புலத்தின் வகுப்பெண்ணைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லாதவரை, நிரூபித்த விடையைத்தான் தரும். நேரே பாரியிடம் கேட்டால் அப்படியில்லை. சேஜின் பழக்கத்தைப் பாரியின் மேல் ஏற்றிச் சொல்ல ஒரு மாதிரிக்கு நிறையவே வாய்ப்பு உண்டு.

ஏஜென்ட் தானே விடையைச் சரிபார்க்கலாமே என்பது இன்னொரு வாதம். பாதி உண்மை. காரணிகளைப் பெருக்கிப் பார்ப்பது எளிது, ஆனால் ஒவ்வொரு காரணியும் பகா எண்தானா என்பது பெருக்கலில் தெரியாது. அதற்குப் பாரியே ‘பிரைம்செர்ட்’ கட்டளையில் சான்றிதழ் தருகிறது. அதை வேறொருவர் தனியே சோதிக்கலாம். வகுப்பெண்ணுக்கு அப்படியொரு குறுக்குவழி இல்லை. நிபந்தனையை விடையோடு சேர்த்தே அச்சிடுமாறு மென்பொருளை மாற்றலாம் என்போரின் யோசனைதான் எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் வெறும் எண்ணை எதிர்பார்த்து எழுதிய பழைய நிரல்கள் ஏராளம், அவை முறிந்துபோகும். அதுவரை குறிப்புதான் வழி.

அந்தக் குறிப்பும் நீளக் கூடாது. நூற்றுக்கணக்கான பக்கக் கையேட்டை அப்படியே ஊட்டினால் முக்கியமானது அமுங்கிவிடும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற ஏற்பாடுகளில், கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விளக்கம் உண்டு. எந்தக் கருவியை அழைப்பது என்பதை மாதிரி அதைப் பார்த்தே முடிவு செய்கிறது. நிரூபணமா, ரீமன் கருதுகோளுக்கு உட்பட்டதா, வெறும் சாத்தியமா என்பதை அந்த விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நிபந்தனையை நீக்கும் கட்டளையின் பெயரை இரண்டாம் வரியில் கொடுங்கள்.