காயலான் கடைக்காரர் வாங்காத பாக்கெட்

பால் கவரை அலசி, ஜன்னல் கம்பியில் காயவைத்து, கட்டாகச் சேர்த்துவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. மாதம் ஒருமுறை வரும் காயலான் கடைக்காரர் அதை எடைபோட்டு எடுத்துக்கொள்கிறார். அந்தக் கட்டுக்குள் ஒரு சிப்ஸ் பாக்கெட்டோ ஷாம்பு பாக்கெட்டோ கலந்திருந்தால், உருவி நம் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார். “இது போகாதுங்க” என்பார். எது காசாகும், எது ஆகாது என்பதை அவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அவர் திருப்பித் தந்த ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் பாருங்கள். வெளியே அச்சிட்ட வழவழப்பான படலம், நடுவில் வெள்ளியாய் மின்னும் அலுமினியம், உள்ளே வேறொரு பிளாஸ்டிக். பெரும்பாலும் வெளிப்படலம் ‘பெட்’ வகை, உட்படலம் பாலிஎத்திலீன். பாலிஎத்திலீன் 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். பெட் உருக 250 டிகிரி வேண்டும். குறைந்த சூட்டில் பெட் துணுக்குத் துணுக்காக நிற்கும். சூட்டை ஏற்றி இரண்டையும் உருக்கினாலும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாது. போதாததற்கு மை, பசை, அலுமினியம். ஈரமும் காற்றும் வெளிச்சமும் பண்டத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் இத்தனை அடுக்குகளையும் சேர்த்து ஒட்டினார்கள். பாக்கெட் காலியான பிறகு அந்த ஒட்டைப் பிரிக்கத்தான் யாராலும் மலிவாக முடியவில்லை.

இந்தப் பாக்கெட் நம் மண்ணில் வளர்ந்த பிள்ளை. வசதி உள்ளவர் பயன்படுத்துவதைக் கூலி வேலை செய்பவரும் பயன்படுத்த வேண்டும் என்று 1970களில் கடலூரில் சிறு பாக்கெட் யோசனையை முன்னெடுத்தவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம், சிக் ஷாம்புவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. நல்ல நோக்கம்தான், ஏழை வீட்டுப் பெண்ணின் தலைக்கு ஷாம்பு வந்தது. ஆனால் காலியான அந்தப் பாக்கெட் ஒரு கிராம்கூட இருக்காது. ஒரு கிலோ சேர்க்க ஆயிரத்துக்கும் மேல் குனிந்து பொறுக்க வேண்டும். அதனால்தான் அது வாய்க்காலில் கிடக்கிறது.

2022 பிப்ரவரி 16 அன்று மத்திய அரசு வெளியிட்ட விதிகள், பாக்கெட்டில் பண்டம் விற்கும் நிறுவனங்களின் தலையில் இந்தச் சுமையை ஏற்றின. பிளாஸ்டிக்கோடு அலுமினியம் போன்ற வேறு பொருளும் சேர்ந்த பாக்கெட்டுகள் மூன்றாம் வகை. அதில் 2024-25இல் 30 சதவீதத்தையாவது மறுசுழற்சி செய்திருக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, 2027-28இல் அது 60 சதவீதம் ஆக வேண்டும். மிச்சத்தைச் சாலை போடவோ, சிமென்ட் சூளையில் எரிக்கவோ, எண்ணெய் வடிக்கவோ அனுப்பலாம். நம் நகராட்சிகள் பலவும் இப்போது அரியலூர் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்குத்தான் அனுப்புகின்றன. நிலக்கரிக்குப் பதில் இது எரிகிறது, குப்பை மேட்டில் கிடப்பதைவிட மேல். ஆனால் எரிந்தது எரிந்ததுதான், அதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைக்க முடியாது.

ஆக, சட்டம் கேட்கும் 60 சதவீதத்துக்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டும். அதற்கு அரசு மானியம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கையில் வெறும் யோசனையோடு நிற்பவருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி பிரயாஸ்’ திட்டத்தில் மாதிரி செய்து பார்க்க 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தமிழ்நாடு அரசின் ‘டான்சீட்’ 10 லட்சம் தருகிறது. 2021இல் 945 கோடி ஒதுக்கீட்டில் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மானியமாக 20 லட்சம் வரை தர வகை செய்யப்பட்டது. அதில் முன்னுரிமை தரப்பட்ட துறைகளில் கழிவு மேலாண்மையும் ஒன்று. நொதி, நுண்ணுயிர் வழியில் போகிறவர்களுக்கு மத்திய அரசின் பைராக் நிறுவனம் தரும் ‘பிக்’ மானியம் 50 லட்சம் வரை. எதிலும் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. சொன்ன வேலையை முடித்துக் காட்டக் காட்டத் தவணையாக வரும்.

சிக்கல் விண்ணப்பத்தில்தான் தொடங்குகிறது. கோவையில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், பல அடுக்கு பாக்கெட்டுகளைத் துருவி, சூட்டோடு அழுத்திப் பலகையாக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருக்கிறார். அவருடைய முதல் விண்ணப்பத்தைப் படிக்கத் தந்தார். பக்கம் பக்கமாக இயந்திரத்தின் வரைபடம், மோட்டாரின் குதிரைத்திறன், சூட்டைக் கட்டுப்படுத்தும் விதம். உள்ளே போகிற மூட்டையைப் பற்றி ஒரே வரி: ‘உள்ளாட்சி அமைப்புகளிடமிருந்து பெறப்படும்.’ விண்ணப்பம் தேறவில்லை. தேர்வுக் குழு கேட்ட முதல் கேள்வியே ஈரப்பதம் எவ்வளவு என்பதுதான். அவரிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடி ஊருக்கு வெளியே இருந்த ஒரு குப்பை பிரிக்கும் கொட்டகைக்குப் போனோம். தகரக் கூரை, நீளமான மேசை, இரு பக்கமும் கையுறை மாட்டிய பெண்கள். மூத்தவர் ஒருவர் பாக்கெட்டை எடுப்பதும் உள்ளங்கையில் கசக்குவதும் விடுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தது. கசக்கிய பாக்கெட் மலர்ந்து பழையபடி விரிந்தால் இடப்பக்கக் கூடை. கசங்கியபடியே உருண்டு நின்றால் வலப்பக்கம். “விரியறது சிப்ஸ் கவரு தம்பி, உள்ள வெள்ளிப் பூச்சு மட்டும்தான். விரியாம நிக்கறதுல நெசமாவே தகடு இருக்கு” என்றார். இளைஞர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“அக்கா, ஒரு மூட்டையில ஈரம் எவ்வளவு இருக்கும்?”

“வெயில் காலத்துல பரவாயில்ல. ஐப்பசி மழையில பாதி மூட்ட தண்ணிதான். அப்புறம் ஊறுகாய் எண்ணெய். அதக் கழுவாம நீங்க என்ன மெஷினுல போட்டாலும் நாறும்.”

விண்ணப்பத்தில் இருந்திருக்க வேண்டியது இதுதான். எந்தத் தொழில்நுட்பத்தை எடுத்தாலும் சேதி ஒன்றே, உள்ளே போவதுதான் முக்கியம். காற்றில்லாமல் சூடேற்றி எண்ணெய் வடிக்கும் பைரோலிசிஸ் உலையில் பிவிசி கலந்துவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பிக் குழாயை அரிக்கும். பெட் அதிகமானால் மெழுகுபோன்ற அமிலங்கள் படிந்து அடைத்துக்கொள்ளும். கரைப்பானில் ஊறவைத்து அடுக்குகளைப் பிரிக்கும் முறையில் எண்ணெய்ப் பிசுக்கு கரைப்பானையே கெடுக்கும். அந்தக் கழிவு நீரை எங்கே விடுவீர்கள் என்ற கேள்வி அடுத்து வரும். 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். கழுவும் தண்ணீருக்குச் சுத்திகரிப்பு இல்லாத திட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது என்பேன்.

மானியம் கேட்கப் போகிறவர்கள் முதலில் ஒரு டன் குப்பையையாவது எடைபோட்டு, பிரித்து, காயவைத்து, எத்தனை கிலோ தேறியது என்று எழுதுங்கள். மழை மாதத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என இரு கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. அந்த மூட்டையைத் தொடர்ந்து தருவதாக உள்ளாட்சியிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். செய்கிற பலகையை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதற்கும் எழுத்தில் ஒரு சான்று வேண்டும்.

நிறுவனங்கள் தங்கள் இலக்கை எட்டியதாகக் காட்ட வாங்கும் மறுசுழற்சிச் சான்றிதழை விற்று வரும் பணத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் சிக்கின. பொய்ச் சான்று மலிவாகக் கிடைக்கும் சந்தையில், நேர்மையாகக் கழுவிப் பிரித்தவரின் சான்றுக்கு என்ன விலை கிடைக்கும்?

வாங்குபவர் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஏற்பாடும் நிற்காது. ஆஸ்திரேலியாவில் ரெட்சைக்கிள் என்ற அமைப்பு, சூப்பர் மார்க்கெட் வாசலில் பெட்டி வைத்து மக்களிடமிருந்து மென்மையான பிளாஸ்டிக்கைச் சேகரித்தது. மக்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்து போட்டார்கள். 2022 ஜூனில் அதை வாங்கிவந்த ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. நவம்பரில் சேகரிப்பே நின்றது. பிறகு பார்த்தால் கிடங்குகளில் 11,000 டன்னுக்கு மேல் தேங்கிக் கிடந்தது. அந்நாட்டு அரசு, மறுசுழற்சிக்கு அடங்காத பிளாஸ்டிக்குக்கான தொழில்நுட்பங்களுக்கென்றே 6 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. இந்த வகை பிளாஸ்டிக்குக்கென்று தனியே பணம் வைத்ததே அதில் நாம் கவனிக்க வேண்டியது.

நம்மிடம் அது இல்லை. 10 லட்சம், 20 லட்சத்தில் மாதிரி ஓடிவிடும். ஆலை என்று போனால் கோடிகள் வேண்டும். தமிழ்நாடு அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்தில் 5 கோடி வரையான தொழிலுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். மத்திய தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் திட்டச் செலவில் பாதிவரை 5 சதவீத வட்டியில் கடன் தருகிறது. மீதிக்கு வங்கி சொத்துப் பத்திரம் கேட்கும். பட்டறை வைத்திருக்கும் பிள்ளையிடம் பத்திரம் ஏது? மாதிரிக்கும் ஆலைக்கும் நடுவே, நாளுக்கு ஒரு டன் ஓடும் சோதனைக் கூடத்துக்கு மாநில அரசு தனி மானியம் அறிவிக்க வேண்டும். அதில் ஒரு பங்கு கொட்டகைக்கும் மேசைக்கும் கழுவும் தொட்டிக்கும் போகும்படி விதியிலேயே எழுத வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், 1.5 கோடி வரை உண்டு. தலைமுறையாகக் குப்பையைத் தொட்டு, எது எந்த பிளாஸ்டிக் என்று விரல் நுனியில் அறிந்த குடும்பங்கள், பிரித்துக் கட்டிவிற்கும் நிலையங்களுக்கு முதலாளிகளாக இதைவிட நல்ல வழி எது? மாவட்டத் தொழில் மையங்கள் இந்தச் செய்தியைத் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளுக்கே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தையும் உடனிருந்து எழுதித் தர வேண்டும்.

கோவை இளைஞர் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை இயந்திரத்துக்கு நான்கு பக்கம்தான். செலவுப் பட்டியலின் முதல் வரியில், கசக்கிப் பார்த்துப் பிரிக்கும் ஆறு பெண்களுக்கான மாதச் சம்பளம் இருக்கிறது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.