அட்டப்பாடி: நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பில் மக்கள் பங்கு

கேரளத்தின் 44 ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கிப் பாய்பவை. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகப் பவானியும், இடுக்கி மாவட்டத்து மறையூர் வழியாகப் பாம்பாறும் தமிழ்நாட்டுக்குள் செல்கின்றன. இவ்விரு பகுதிகளின் கிழக்குச் சரிவுகள் மழைமறைவில் அமைந்தவை. ஆதலால் பெய்யும் மழையை மண்ணில் இறக்கிச் சேமிப்பது இன்றியமையாதது.

காடழிப்பால் அட்டப்பாடியின் மேல்மண் அரிக்கப்பட்டது; பவானியுடன் கலக்கும் கொடுங்கரைப்பள்ளம் வறண்டது. இந்நிலையை மாற்ற 1995-இல் அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டது. 1996 முதல் ஜப்பானியக் கடனுதவி கிடைத்தது. இருளர், முதுகர், குறும்பர் வாழும் ஊர்களில் அமைந்த ஊர் வளர்ச்சிக் குழுக்கள் பணிகளில் பங்கேற்றன. சம உயர வரப்புகளும் தடுப்பணைகளும் ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்தன. மரங்கள் மண்ணைப் பிடித்து நிறுத்தின. கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீரோட்டம் காணப்பட்டது.

மேற்சரிவில் மண் அரிக்கப்படுமாயின், கீழ்ச்சரிவில் ஒருவர் அமைத்த வரப்பு பயன் தராது. ஊர்க்கூட்டம், மலைச்சரிவுப் பார்வை, மரநடுவிழா ஆகியன வெறும் சடங்குகள் அல்ல என்பதற்கு இதுவே காரணம். அண்டை நிலத்தாரை ஒரே திட்டத்தில் இணைக்கும் வழிகள் அவை. கூரைநீர்ச் சேமிப்பையும் எளிய கணக்கால் அங்கே விளக்கலாம்: ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை ஒரு லிட்டர் நீராகும். 50 சதுர மீட்டர் கூரையில் 800 மி.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர் விழும்; சேதாரம் போக மீதி கிடைக்கும்.

எனினும் வரப்பு ஆண்டுதோறும் சரியும், தடுப்பணையில் வண்டல் படியும். திட்ட நிதியோ குறித்த காலத்துடன் முடிந்துவிடும். ஆகவே பராமரிப்புப் பொறுப்பை ஊராரும் ஊராட்சியும் தொடக்கத்திலேயே ஏற்கச் செய்வதுதான் விழிப்புணர்வுப் பணியின் உண்மையான வெற்றியாகும்.