மூணு வருஷ பாக்கி!

"நேர்ச்சை வெச்சா முடிச்சிடணும். பாக்கி வெச்சா ராத்திரி தூக்கம் வராது" என்று என் அம்மா அடிக்கடி சொல்லுவார். அந்தத் தூக்கம் வராத ராத்திரிகள் எழுபது வயதுக்கு மேல் எனக்கே வந்தன. நான் மாதாவுக்கு வைத்திருந்த பாக்கி மூன்று வருஷம். வேளாங்கண்ணிக்கு இன்னும் மூன்று நடை.

எனக்கு இப்போது வயது 73. உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். ஏரித் தண்ணீரில் நெல் விளையும் பூமி. ஊர்க்கோடியில் சின்னதாக ஒரு மாதா கோயில். செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019-ல்தான். ஆனால் கோயில் கணக்கில் நாங்கள் அதற்கு முன்பிருந்தே செங்கல்பட்டுக்காரர்கள். சென்னை-மயிலையிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-லேயே பிரிந்துவிட்டது.

விடிகாலை நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன். வாசல் தெளித்து, கோலம் போட்டு, கொல்லையில் பூத்த நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் பறித்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன். சாமி வேறு ஊரில் தங்கியிருக்கிறார். பல கிராமங்களை அவர் ஒருவரே பார்க்க வேண்டும். அதனால் எங்களுக்குத் தினமும் பூசை கிடையாது. மற்ற நாள்களில் கிழவிகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஜெபமாலை சொல்லுவோம்.

'பூசை' என்று சொன்னால் பேரன் சிரிப்பான். "மாஸ்னு சொல்லு ஆயா, இல்லன்னா திருப்பலின்னு சொல்லு" என்பான். அவனுக்கு என்ன தெரியும்? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பூசை லத்தீனில்தான் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், நாங்கள் அவர் முதுகைப் பார்த்து நிற்போம். 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் எல்லாம் தமிழுக்கு வந்தது. சர்வேசுரன் இறைவன் ஆனார். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பிரியதத்த மந்திரமும் புதுத் தமிழுக்கு மாறியது. என் வாயில் மட்டும் இன்னும் பழசுதான் வருகிறது.

பகலில் எனக்குப் பொழுதுபோக்கு ஜெபமாலை கோர்ப்பது. நைலான் நூலில் 59 மணி. அதில் 53 அருள் நிறைந்த மந்திரத்துக்கு, 6 பரலோக மந்திரத்துக்கு. கண் ஆபரேஷன் முடிந்த பிறகு, வெளிச்சம் நன்றாக இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு முடித்துவிடுவேன். கேட்கிறவர்களுக்குச் சும்மாதான் தருவேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டைக் காட்டுவேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை அதில் இருக்கிறது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். எங்கள் அன்பியத்தில் அடுத்த மாதம் யார் வீட்டில் ஜெபம் என்பதற்கு நாங்கள் செம்பில் சீட்டுப் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வதும் அப்படித்தானே?

வாரியத்தில் சேர 35 வயது முடிந்திருக்க வேண்டும், 70 தாண்டக் கூடாது என்று இரண்டாவது கல்வெட்டில் இருக்கிறது. அதைச் சொன்னதும் பேரன், "அப்போ நீ அவுட் ஆயா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'அவுட்' காதிலேயே நின்றது. ஏனென்றால் அதற்குள் என் முழங்கால் என்னை அவுட் ஆக்கியிருந்தது.

பன்னிரண்டு நடை

2012-ல் என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "அவர் எழுந்து வந்துட்டா பன்னிரண்டு வருஷம் உன் வாசலுக்கு நடந்தே வர்றேன் தாயே" என்று நேர்ந்துகொண்டேன். அவர் எழுந்து வந்தார். அந்த ஆகஸ்டிலேயே நான் நடக்க ஆரம்பித்தேன்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர நாங்கள் 18-ம் தேதி வாக்கில் காவி கட்டிக் கிளம்புவோம். மதுராந்தகம், திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று வழி போகும். 250 கிலோமீட்டருக்குக் குறையாது.

விடிகாலை மூன்று மணிக்கு நடையைத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ கோயில் நிழலிலோ படுத்துவிட வேண்டும். நாலு மணிக்கு மேல் மறுபடி நடை. புதிதாக நடக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். இருட்டில் நடக்கும்போது எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக, சாலையின் வலது ஓரத்தில், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பையிலும் முதுகிலும் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். காலில் கொப்புளம் வந்தால் பிய்க்காதீர்கள். ராத்திரி உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். சர்க்கரை வியாதி இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இந்துக்கள். பக்கத்து வீட்டு அக்கா ஆகஸ்டில் என்னோடு காவி கட்டுவார். தைப்பூசத்துக்குச் சிவப்புக் கட்டி மேல்மருவத்தூர் போவார். அப்போது அவர் வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

2019 வரை எட்டு நடை முடிந்தது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் பக்தர்கள் இல்லாமலே திருவிழா நடந்தது. நாங்கள் இருவரும் செல்போனில் பார்த்தோம். 2022 ஜனவரியில் அவர் போய்விட்டார். அந்த ஆகஸ்டில் ஒன்பதாவது நடை. சிதம்பரம் தாண்டும்போது வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. எப்படியோ போய்ச் சேர்ந்தேன். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் மற்றவர்கள் முழங்காலில் நகர்ந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூட்டுத் தேய்ந்துவிட்டது, நீண்ட நடை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதான் நாகப்பட்டினத்திலேர்ந்து 2010-லயே ரயில் விட்டுட்டாங்களேம்மா. டிக்கெட் போடறேன், உக்காந்து போயிட்டு வா" என்றான் மகன். அப்புறம் தயங்கித் தயங்கி, "அப்பாவே இல்லியேம்மா, இன்னும் என்ன நேர்ச்சை?" என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பத்து வருஷம் கூட இருந்தாரே, அதற்குத்தானே நேர்ந்துகொண்டேன்? வாங்கியதை வாங்கிவிட்டு, கொடுக்க வேண்டியதை விட்டுவிட முடியுமா? 2023-லும் 2024-லும் ஆகஸ்ட் வந்தபோது வாசல் கதவைச் சாத்தி வைத்தேன். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் எங்கள் ரோட்டு வழியாகத்தான் போவார்கள். அவர்கள் பாட்டுச் சத்தத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சாமி சொன்ன வழி

போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, வெட்கத்தை விட்டுச் சாமியிடம் கேட்டேன்.

"சாமி, கால் போயிடுச்சி. மாதாவுக்கு மூணு நடை பாக்கி நிக்குது. செத்துப்போனா அந்தக் கடன் என்னாவும்?"

அவர் சிரிக்கவில்லை. "அம்மா, இது உங்களுக்கு மட்டும் வர்ற கஷ்டம் இல்ல. திருச்சபைச் சட்டத்துலயே இதுக்கு வழி இருக்கு" என்றார். 1983-ல் வந்த சட்டத் தொகுப்பில் 1196, 1197 என்று இரண்டு எண்கள். தகுந்த காரணம் இருந்தால், தனி ஆள் வைத்த நேர்ச்சையிலிருந்து பங்குச் சாமியாரே விடுதலை தரலாமாம். அது வேண்டாம் என்றால், நேர்ந்துகொண்டவரே அதற்குச் சமமான, அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாமாம்.

"விடுதலை குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் சாமி. மாத்திக்கிறேன்" என்றேன்.

என்னவாக மாற்றுவது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒன்பது வருஷம் வழியில் முகம் தெரியாதவர்கள் ஊற்றிய மோரைக் குடித்தவள் நான். கடலூர் தாண்டி ஒரு கிராமத்தில், எங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த ஒரு அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

கடந்த ஆகஸ்டில் கோயில் திண்ணையைக் கழுவிப் பாய் விரித்தோம். அன்பியத்துப் பெண்கள் ரசமும் சாதமும் வடித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு அண்டா மோர் கரைத்தார். வெந்நீரும் உப்பும் எண்ணெயும் என் பொறுப்பு. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வெந்நீர் ஊற்றினேன். நான்கு ராத்திரி. வருஷம் பூராவும் கோர்த்த ஜெபமாலைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கடைசி ராத்திரி ஒரு சின்னப் பெண் வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் இருக்கும். கால் முழுக்கக் கொப்புளம். "எதுக்கும்மா நேர்ச்சை?" என்று கேட்டேன். "வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பாட்டி" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. அவள் காலைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டேன். கிளம்பும்போது, "உங்களுக்காகவும் வேண்டிக்கிறேன் பாட்டி" என்றாள். எனக்காக ஒரு ஆள் நடந்து போகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணின பேரன் கேட்டான். "ஆயா, உன் மூணுல ஒண்ணு கழிஞ்சிடுச்சா?"

"கழிஞ்சிடுச்சிடா. இன்னும் ரெண்டு பாக்கி. அடுத்த வருஷம் லீவு போட்டுட்டு வா, அண்டா தூக்க ஆள் வேணும்."

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.