சோதனைக் குழாயில் சந்தனக் கன்று

சந்தனத்தின் மணம் அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும் அம்மரம் விதையிலிருந்து எழுவது எத்துணை அரிது என்பதை அறிந்தோர் சிலரே. வைரம் பாய்ந்து மணம் ஏறப் பல ஆண்டுகள் வேண்டும். அதற்குள் கோடரி முந்திக்கொள்கிறது.

சந்தன விதையின் ஓடு கடினமானது. உதிர்ந்தபின் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அது உறங்கும். விழித்து முளைத்தாலும், நாற்றங்காலில் பூஞ்சை தாக்கிப் பல முளைகள் அழுகிவிடும். ஆய்வகத்தில் இத்தடைகளை ஒவ்வொன்றாக நீக்கலாம்.

லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஜிப்பரலிக் அமிலம் கலந்த நீரில் விதையை ஓரிரவு ஊறவைத்தால் உறக்கம் கலையும். பின் ஓட்டை நீக்கி, கிருமிநாசினியில் சில நிமிடங்கள் நனைத்து, கிருமியற்ற நீரில் பலமுறை அலச வேண்டும். அடுத்து, குழாயிலுள்ள வளர்ப்புக் கூழில் அதனை இட வேண்டும். முராஷிகே, ஸ்கூக் என்னும் அறிஞர் இருவர் 1962இல் வகுத்தளித்த உப்புக் கலவையே பெரிதும் பயன்படுகிறது. அதனுடன் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும், கெட்டிப்பட அகாரும் சேர்ப்பர். கூழை 121 பாகை செல்சியஸ் நீராவியில் முன்னரே தூய்மை செய்தல் இன்றியமையாதது. தவறினால் அச்சர்க்கரை பூஞ்சைக்கே விருந்தாகும்!

இத்துறையில் நம் நாடு பின்தங்கவில்லை. 1963இல் தில்லிப் பல்கலைக்கழகத்தார் சந்தன விதையின் முளைசூழ்தசையை வளர்த்துக் காட்டினர். 1979இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார், விதையே இன்றித் தண்டுத் திசுவிலிருந்து முழுச் செடிகளை உருவாக்கினர்.

ஆனால் குழாயில் பசுமையாக நிற்கும் கன்று மரமாகிவிடுமா? இங்கேதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இலையால் உணவு சமைக்கும். நீரையும் உப்புகளையும் அண்டைச் செடியின் வேரிலிருந்தும் உறிஞ்சும். குழாயில் கூழே துணையாக நின்று ஊட்டியது. மண்ணில் அத்துணை இல்லை. மேலும், ஈரக்காற்றில் வளர்ந்த இலை வெயிலில் விரைந்து வாடும். எனவே கன்றைச் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். தொட்டியிலேயே ஒரு துவரைச் செடியையும் உடன் வளர்க்க வேண்டும்.

நீர் தேங்காத செம்மண் சந்தனத்திற்கு உகந்தது. நம் உழவர்கரையின் கோரிமேட்டுப் பகுதியில் அத்தகைய மண் உண்டு. அங்குச் சந்தனம் நட எண்ணும் நண்பர்களே, ஒரு துவரை விதையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். ஆய்வகம் கன்றைத் தரலாம். அதனை வாழ வைப்பது துணைச்செடியே.