டாலண்ட் பெயரும் போலிச் சரக்கும்

பழைய ஆங்கிலேயக் கப்பல் தொலைநோக்கியில் "டாலண்ட், லண்டன்" என்ற பொறிப்பு இருந்தால் விலை கூடும். ஜான் டாலண்ட் பட்டு நெசவாளி. மகன் பீட்டர் 1750இல் தொடங்கிய கண்ணாடிக் கடையில் பிறகு சேர்ந்தார். இருவகைக் கண்ணாடியை இணைத்து, உருவத்தின் ஓரத்தில் படியும் வர்ணக் கறையை நீக்கும் வில்லைக்கு 1758இல் காப்புரிமை பெற்றார். செஸ்டர் மூர் ஹால் என்பவர் முன்பே அதைச் செய்திருந்தும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. 1766இல் நீதிமன்றம் டாலண்ட் பக்கமே தீர்ப்பளித்தது. வியாபாரிகளான நமக்கு அது நியாயமாகவே படுகிறது.

பெயர் பரவியதும் போலி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டாவது 'ஓ'வை 'ஏ' ஆக்கிப் பொறித்து விற்றார்கள். நம் நாட்டில் செய்யும் புதுப் பித்தளைத் தொலைநோக்கிகள் சிலவற்றிலும் லண்டன் பெயர்கள் உண்டு. அலங்காரப் பொருளாக அவற்றை விற்கலாம். பில்லில் மட்டும் புதுத் தயாரிப்பு என்றே எழுதவேண்டும்.