நிறம் ஏற்றும் முன்: பழைய ஒளிப்படங்களைக் கணினியில் சேர்ப்பதும் திருத்துவதும்

புதுச்சேரி நகரின் வடபகுதியிலுள்ள கருவடிக்குப்பம், பாரதி அன்பர்களுக்கு அறிமுகம் வேண்டாத ஊர். 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தஞ்சம் புகுந்து வாழ்ந்த சுப்பிரமணிய பாரதி, அவ்வூர் மாந்தோப்புக்குச் சென்று பொழுது கழித்தார் என்றும், குயில் பாட்டு அங்கேதான் உருவாயிற்று என்றும் கூறப்படுவதோடு, அங்குள்ள சித்தானந்த சுவாமி கோயிலும் அவருடைய பாடலில் இடம்பெற்றுள்ளது. ஆனால் பாரதியின் உருவத்தைக் காட்டும் ஒளிப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவை எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள். மக்கள் மனத்தில் இன்று பதிந்திருக்கும் வண்ணப் பாரதி, ஓவியர்களும் அச்சகத்தாரும் பிற்காலத்தில் நிறம் சேர்த்து உருவாக்கிய பாரதியாவார். 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் அட்டையில் அவருடைய தலைப்பாகை காவி நிறத்தில் அச்சாகிப் பெரும் சர்ச்சை எழுந்தபோது, ஒரு படத்துக்கு நிறம் ஏற்றுவது எத்தனை பொறுப்பான செயல் என்பது பலருக்கும் விளங்கிற்று.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒளியின் அளவு மட்டுமே பதிவாகிறது. நிறம் பற்றிய செய்தி அதில் இல்லை. மேலும், பாரதி காலத்தில் பரவலாகப் புழங்கிய ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவும் உணரும் இயல்புடையவை என்பதால், சிவப்புத் துணி ஏறத்தாழக் கறுப்பாகவும், வெளிர்நீலத் துணி வெள்ளைபோலவும் அவற்றில் பதியும். ஆகவே ஒரு பழைய படத்தில் தெரியும் சாம்பல் நிறத்துக்குப் பின்னால் பல நிறங்கள் இருந்திருக்கலாம். கைபேசிச் செயலிகள் ஒரு பொத்தானைத் தொட்டவுடன் தாத்தாவின் சட்டைக்கும் பாட்டியின் சேலைக்கும் நிறம் கொடுத்துவிடும் இக்காலத்தில், இச்சிக்கல் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிட்டது. படத்தில் மங்கிக் கிடப்பதைத் தெளிவாக்குவது ஒரு வேலை, படத்தில் இல்லாததைச் சேர்ப்பது மற்றொரு வேலை என்ற தெளிவும், மூலத்தைக் கைபடாமல் வைத்துக்கொண்டு நகலில் மட்டுமே திருத்தம் செய்யும் ஒழுங்கும் இருந்தால் எந்த மென்பொருளையும் அச்சமின்றிக் கையாளலாம்.

இவ்வொழுங்குக்குப் புதுச்சேரியிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் ஏறத்தாழ 1,60,000 படங்கள் உள்ளன. இதே நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் எஞ்சியிருந்த ஒளிப்படங்களைத் தேடி மின்படங்களாக மாற்றியுள்ளது. ஒளிப்படக் காப்பகங்கள் மின்படமாக்கும்போது பின்பற்றும் பொதுவிதி, கீறலும் கறையும் உட்பட மூலம் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே முதலில் படியெடுத்து, அக்கோப்பைத் தனியே பாதுகாப்பதாகும். வீட்டு ஆல்பத்துக்கும் இவ்விதியே போதுமானது.

படியெடுக்கும் முன்

கடற்கரை நகரங்களின் ஈரக்காற்று ஒளிப்படத்துக்குப் பகை. பழைய கறுப்பு வெள்ளை அச்சு, காகிதத்தின்மேல் ஜெலட்டின் என்னும் பசைப்படலமும் அதனுள் நுண்ணிய வெள்ளித் துகள்களும் கொண்டது. ஈரமும் காற்றிலுள்ள மாசும் அத்துகள்களைத் தாக்கும்போது வெள்ளி மேற்பரப்புக்கு நகர்ந்து படிகிறது. படத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், கருமையான பகுதிகளில் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பாக அது தென்படும். அதைத் துடைத்து நீக்க முயல்வது படத்தையே நீக்குவதில் முடியும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர், எச்சில், கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகிய எதுவும் அச்சின்மேல் படக்கூடாது.

குங்குமப் பொட்டு வைத்து மாலை போட்டுச் சுவரில் மாட்டிய படங்களில், ஜெலட்டின் படலம் பல ஆண்டு ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருப்பது வழக்கம். அத்தகைய படத்தைப் பிய்த்தெடுத்தால் முகம் கண்ணாடியிலும் காகிதம் கையிலும் தங்கிவிடும் என்பதால், சட்டத்தைக் கழற்றாமல் வெளிப்புறக் கண்ணாடியை மட்டும் துடைத்து, அதன் வழியாகவே படம்பிடிப்பது பாதுகாப்பானது.

ஸ்கேனரும் கைபேசியும்

தளர்ந்த நிலையிலுள்ள அச்சுகளுக்குத் தட்டையான கண்ணாடிப் பரப்புடைய ஸ்கேனர் ஏற்றது. ஓர் அங்குல நீளத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்து அது படிக்கிறது என்பதை டிபிஐ என்னும் அளவு குறிக்கும். 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்ட அச்சை 600 டிபிஐயில் படியெடுத்தால் 3600க்கு 2400 புள்ளிகள், அதாவது 86 லட்சம் புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும்; வீட்டுத் தேவைக்கு இது தாராளம். 35 மி.மீ. நெகட்டிவ் சிறியது என்பதால் அதற்கு 2400 டிபிஐக்குக் குறையக்கூடாது. அதன் ஊடாக ஒளி பாய்ச்சும் வசதியும் ஸ்கேனரில் இருக்க வேண்டும்.

இக்கணக்கின் பயன், இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடிக்க வேண்டிய அவசரத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது. கல்யாணக் கூட்டப் படத்தில் 1 செ.மீ. அளவே உள்ள முகத்தை 600 டிபிஐயில் படியெடுத்தால் கிடைப்பவை குறுக்கே 236 புள்ளிகள் மட்டுமே. அதை 1 அடிக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 20 புள்ளிகள்கூட விழாது. முகம் கட்டங்கட்டமாகச் சிதையும். ஸ்கேனரின் அளவைக் கூட்டுவதும் ஓர் எல்லைக்கு மேல் உதவாது, ஏனெனில் அச்சிலேயே அவ்வளவு நுணுக்கம் இருப்பதில்லை. நெகட்டிவில் அச்சைவிட மிகுந்த நுணுக்கம் இருக்கும் என்பதால், ஆல்பத்தின் பின்னுறையில் செருகியிருக்கும் நெகட்டிவ் துண்டுகளை வீசிவிடாமல் காப்பது நலம்.

ஸ்கேனர் இல்லாதோர் கைபேசியாலோ கேமராவாலோ படியெடுக்கலாம். நேர்வெயில் விழாத தாழ்வாரத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, கேமராவைப் படத்துக்கு இணையாகத் தாங்கியில் பொருத்தி, இருபுறமும் ஒரே வகை விளக்குகளை 45 பாகைச் சாய்வில் வைத்தால் பளபளப்பு பெருமளவு குறையும். கண்ணாடிச் சட்டமாயின், அதில் எதிரொளிக்கும் கூரையையும் கைகளையும் மறைக்கக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடிக்க வேண்டும். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை வளைத்துக் காட்டும் ஆதலால், சற்று விலகி நின்று இருமடங்கு உருப்பெருக்கும் லென்ஸைப் பயன்படுத்துவது நல்லது. ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 100 அளவில் இருந்தால் படத்தில் புள்ளித்தூவல் தோன்றாது. கை படும் அசைவைத் தவிர்க்க 2 நொடித் தாமதப் பொத்தான் உதவும். முகத்தை வழவழப்பாக்கும் அழகூட்டும் வசதியைத் தவறாமல் அணைத்துவிட வேண்டும்.

கோப்பு வகையும் கவனத்துக்குரியது. ஜேபெக் என்பது இடத்தைச் சுருக்குவதற்காகப் படத்தின் சில விவரங்களைக் கைவிடும் வகை. திறந்து திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். டிஃப் வகையில் அவ்விழப்பு இல்லை. கேமராவின் ஒளியுணரி அளந்ததைப் பதப்படுத்தாமல் தரும் ரா வகையும் இதற்கு இணையானது. 8 பிட் கோப்பில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள் உள்ளன. 16 பிட் கோப்பில் 65,536. வெளிறிய படத்தை மீட்கும்போது சில படிகளுக்குள் ஒடுங்கிய ஒளியளவுகளை இழுத்து விரிக்க நேர்வதால், படிகள் குறைவாயின் வானமும் கன்னமும் பட்டை பட்டையாகப் பிளவுபடும். எனவே மூலக்கோப்பு 16 பிட் டிஃப் ஆக இருப்பது சிறந்தது.

திருத்தும் வரிசை

ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது முதல் படத்திருத்தத்தின் அடையாளமாகவே விளங்கினாலும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளும், ரா கோப்புகளுக்கான டார்க்டேபிளும், கைபேசியில் ஸ்னாப்சீடும் வீட்டுப் படங்களுக்குப் போதுமானவை. மென்பொருளைக் காட்டிலும் வேலையின் வரிசை முக்கியமானது.

முதலில் நகலைத் திறந்து சாய்வை நேராக்க வேண்டும். அடுத்து லெவல்ஸ் கருவி. அது காட்டும் மலைமுகடு போன்ற வரைபடம், எந்த ஒளியளவில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைத் தெரிவிக்கும். வெளிறிய படத்தில் அம்முகடு நடுவே ஒடுங்கி நிற்கும். இருபுறமும் உள்ள முக்கோணக் குறிகளை அதன் அடிவாரம் வரை நகர்த்தினால், கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் மீளும். 1970களின் வண்ண அச்சுகள் பல இன்று செம்மை படர்ந்து காணப்படுவதற்குக் காரணம், இருளில் வைத்திருந்தபோதும் அவற்றின் பச்சைநீலச் சாயம் மற்றச் சாயங்களைவிட விரைந்து சிதைந்ததே. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று தடங்களுக்கும் லெவல்ஸைத் தனித்தனியே சரிசெய்தால், எஞ்சியிருக்கும் நிறம் வியப்பூட்டுமளவு மீண்டுவரும்.

அதன் பின்னரே கீறலையும் புள்ளியையும் ஹீல் கருவியால் மூட வேண்டும். அக்கருவி பக்கத்திலுள்ள பகுதியை எடுத்துப் பழுதின்மேல் பொருத்துவதால், வெறும் சுவரிலும் திரைச்சீலையிலும் துணிந்து பயன்படுத்தலாம். கண், உதடு, மூக்குத்தி ஆகியவற்றின் அருகில் கைநிதானம் வேண்டும். இவ்வேலையைத் தனி அடுக்கில் செய்தால், பிடிக்காதபோது அவ்வடுக்கை மட்டும் நீக்கிவிடலாம். கூர்மையூட்டல் கடைசிப் படி. அது மிகுந்தால் முடியின் ஓரங்களில் வெள்ளைக்கோடு தோன்றும்.

படத்திருத்தம் கணினியோடு பிறந்ததன்று. அந்நாள் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைத்ததும், அச்சின்மேல் கைவண்ணம் தீட்டியதும் உண்டு. ஆனால் டச்சிங் செய்தவரின் எதிரே படத்துக்குரியவரின் முகம் இருந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலி, தான் கற்ற எண்ணற்ற அயலார் முகங்களிலிருந்து இமையையும் பல்வரிசையையும் ஊகித்து நிரப்புகிறது. பெறப்படும் முகம் தெளிவாக இருக்கும், அந்தப் பாட்டியின் முகமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஊகித்து முகம் நிரப்பிய படத்தையும் நிறமேற்றிய படத்தையும் அவ்வாறே பெயரிட்டுத் தனியே வைப்பதுதான் நேர்மையான வழி.

பெயரும் காப்பும்

அச்சின் பின்புறத்தையும் படியெடுக்க மறக்கலாகாது. ஸ்டூடியோவின் முத்திரையும் யாரோ எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், நிகழ்ச்சி ஆகியவற்றைச் சேர்த்து, படத்தில் இருப்போரின் பெயர்களை இடமிருந்து வலமாகக் கோப்பின் விவரக்குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் முழுக் கோப்பும் சேரும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிப் பகுதியைத் தாக்கின. வெள்ளம் புகும் வீட்டில் ஆல்பமும், அதே அலமாரியிலுள்ள ஹார்டு டிஸ்க்கும் ஒன்றாகவே நனையும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பகத்தில் என்னும் கணக்கு இதற்காகவே வகுக்கப்பட்டது. திருத்தத்தை நாளை இன்னும் நல்ல மென்பொருளால் மறுபடி செய்துகொள்ளலாம். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை, மூலத்தைப் படியெடுப்பதும் பெயர்களை எழுதிக்கொள்வதுமே.