வேனில் காற்று வரலையா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்



குழுக் கடனில் வேன், கார் எடுத்து வாடகைக்கு விடும் உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறோம். ஹீட்டர் ஃபேன் ஓடவில்லை என்றால், "நம்ம வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஏ.சி. காற்றையும் ஹீட்டர் காற்றையும் தள்ளுவது பெரும்பாலும் ஒரே விசிறிதான். மெக்கானிக்குகள் அதை புளோயர் என்பார்கள். மழையில் முன்கண்ணாடியில் ஆவி பிடித்தால் அதைப் போக்குவதும் இந்தக் காற்றுதான். ஊட்டி மலைப்பாதையில் அது நின்றால் டிரைவருக்கு ரோடு தெரியாது. சவாரி போவதோடு உயிருக்கும் ஆபத்து.

முதலில் சுவிட்சை ஒவ்வொரு ஸ்பீடாகத் திருப்பிப் பாருங்கள். கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறதா? அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ரெசிஸ்டர்தான் போயிருக்கும். இது வேகத்தைக் குறைக்கும் சின்னப் பொருள், விலையும் மோட்டாரைவிடக் குறைவு. இது தெரியாமல் முழு மோட்டாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள். (ஆட்டோமேட்டிக் ஏ.சி. உள்ள வண்டிகளில் இந்த வேலையை எலக்ட்ரானிக் மாட்யூல் செய்யும். அதைக் கடையில்தான் பார்க்க வேண்டும்.)

எந்த ஸ்பீடிலும் ஓடவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடுங்கள். 20 ஆம்பியர் மஞ்சள், 30 ஆம்பியர் பச்சை. அதுவும் எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கும், அல்லது ஒயர் எங்காவது உரசியிருக்கும். அவசரத்துக்குக் கம்பியைச் சுற்றுவதும், பெரிய ஃபியூஸ் போடுவதும் வேண்டவே வேண்டாம். ஒயர் சூடாகி வண்டியே தீப்பிடிக்கலாம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், சுவிட்சை முழு ஸ்பீடில் வைத்து, மோட்டார் பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனைக்கும் டெஸ்ட் லேம்ப் வைக்கச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் கரண்ட் வருகிறது, கோளாறு மோட்டாரில். எரியாவிட்டால் ரிலே, சுவிட்ச், ஒயர், எர்த் இவற்றில் ஒன்று. அப்போது மோட்டாரை மாற்றியும் பிரயோஜனமில்லை.

சாந்தோம் பக்கம் நிற்கும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தேவாலயத்துக்குப் பின்னால் உடனே கடல். உப்புக்காற்றில் பிளக் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும், எர்த் இணைப்பு துருப்பிடிக்கும். பல சமயம் சுத்தம் செய்து இறுக்கினாலே ஃபேன் ஓடிவிடும். மரத்தடியில் நிறுத்தினால் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள சந்து வழியாகச் சருகு விழுந்து விசிறியை அடைக்கும். கரகர சத்தம் வந்தால் அதுவாக இருக்கலாம். டேஷ்போர்டைத் தட்டினால் ஓடி, பிறகு நிற்கிறதா? மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், சீக்கிரம் மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவையும் நாமே கழற்ற வேண்டியதில்லை. டெஸ்ட் லேம்ப் வைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மாற்றினால் பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்கி, வண்டிக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.